1967-இல் நான் எதில் முத்திரை குத்தியிருப்பேன்?

2025 நவம்பர் 9, ஞாயிறு

வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கான படிவங்களை பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) அக்கா கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அப்பத்தாவின் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டே, "முதமுதல்ல எப்ப அப்பத்தா ஓட்டுப் போட்டீங்க?" என்று சும்மா கேட்டேன்.

"காமராசரு தோத்தாருல்ல, அப்ப."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அப்பத்தா பிறந்தது 1944. அப்போது ஓட்டுரிமை வயது 21. கல்யாணமாகி விருதுநகருக்கு வந்த புதிது. அதாவது, 1967-இல் காமராஜர் தன் சொந்த ஊரில் 1,285 ஓட்டில் தோற்றாரே, அந்தப் பெட்டிக்குள் எங்கள் வீட்டு ஓட்டும் கிடந்திருக்கிறது.

யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். "சொல்லக் கூடாது தாயி. அதுக்குத்தான மறைப்புக் கட்டி வச்சிருக்கான்" என்றுவிட்டார்.

சரி, அவர் இடத்தில் நான் நின்றிருந்தால்?

நவம்பர் 11, செவ்வாய்

நேரே 1967-க்குப் போகத் தைரியம் வரவில்லை. 1952-இல் தொடங்கினேன்.

அப்போது முத்திரை கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். சீட்டைக் கொண்டுபோய் வேண்டிய பெட்டியில் போட வேண்டும். வடக்கே தன் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி' என்று மட்டும் சொன்ன பெண்களில் ஏறக்குறைய 28 லட்சம் பேரைப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். அதைப் படித்ததிலிருந்து அப்பத்தாவின் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

நான் காங்கிரசின் நுகத்தடி பூட்டிய காளைப் பெட்டியில்தான் போட்டிருப்பேன். சுதந்திரம் வந்து ஐந்து வருடம்கூட ஆகவில்லை, வேறெதுவும் தோன்றியிருக்காது. ஆனால் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. அப்புறம் தேர்தலிலேயே நிற்காத ராஜாஜி மேலவை வழியாக வந்து முதல்வரானார். மறுவருடம் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். என் ஓட்டு இதற்கா போனது என்று கொதித்திருப்பேன். 1954-இல் காமராஜர் முதல்வரானதும் அந்தத் திட்டம் போயிற்று.

நவம்பர் 14, வெள்ளி, இரவு

மூன்று நாளாக இதே நினைப்பு.

1967-இல் எனக்கு 22 வயது என்று வைத்துக்கொள்கிறேன். காமராஜர் ஆட்சியில் திறந்த பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டுப் படித்திருப்பேன். அது இல்லாவிட்டால் எங்கள் குடும்பத்துப் பெண் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டாள்.

1965 ஜனவரியில் மதுரையில் ஏதாவது கல்லூரியில் இருந்திருப்பேன். இந்தி எதிர்ப்புப் போராட்டம் அங்கேதான் வெடித்தது. இரண்டு நாளில் சிதம்பரத்தில் ராஜேந்திரன் என்ற மாணவரைச் சுட்டுக் கொன்றார்கள். என் வயதுப் பையன். அதை மறந்துவிட்டு இரண்டு வருடம் கழித்துக் காளைச் சின்னத்தில் முத்திரை குத்தக் கை வந்திருக்குமா? வீட்டில் அரிசி இல்லை. 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று தி.மு.க.காரர்கள் தெருத்தெருவாகச் சொல்கிறார்கள். கழுத்தில் கட்டுடன் எம்.ஜி.ஆர். சுவரொட்டியில் பார்க்கிறார்.

ஆனால் அப்போது முதல்வர் பக்தவத்சலம். காமராஜர் 1963-லேயே பதவியை விட்டுவிட்டுப் போய்விட்டார். கோபம் ஒருவர் மேல் இருக்க, ஓட்டு இன்னொருவரைச் சாய்க்கிறது. பக்தவத்சலம் நின்ற ஸ்ரீபெரும்புதூரில் எனக்கு ஓட்டு இருந்திருந்தால் ஒரு நொடியும் யோசித்திருக்க மாட்டேன். விருதுநகரில்தான் கை நடுங்குகிறது.

643 பேர் மாற்றிப் போட்டிருந்தால் அவர் ஜெயித்திருப்பார். அந்த 643-இல் நான் இருந்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. எதிரே நின்றவர் தி.மு.க.வின் சீனிவாசன், மாணவர் தலைவர், எங்கள் கூட்டத்து ஆள். உதயசூரியனுக்குத்தான் குத்தியிருப்பேன். முடிவு வந்த ராத்திரி அழுதிருப்பேன். இரண்டுமே உண்மை.

நவம்பர் 15, சனி

1977 மார்ச் நாடாளுமன்றத் தேர்தல் எனக்குச் சுலபம். நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தவர்களுக்கு எதிராகத்தான் போட்டிருப்பேன். இங்கே 39-இல் 34 இடம் காங்கிரஸ், அ.தி.மு.க. அணிக்குப் போனது. தோற்ற பக்கம் நின்றதில் எனக்கு வருத்தமே இருந்திருக்காது.

நவம்பர் 16, ஞாயிறு

வெள்ளிக்கிழமை எழுதியதை அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். வெகுநேரம் பேசவில்லை.

"ரேடியோவுல சொன்னப்ப உங்க தாத்தா மண்டிக்கே போகல. சுவத்தப் பாத்துப் படுத்துட்டாரு" என்றார்.

"நீங்க?"

"எந்தம்பி மத்தியானச் சோத்துக்குன்னே பள்ளிக்கூடம் போனவன் தாயி. அவன் முகத்த என்னால பாக்க முடியல."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. படிவத்தில் கையெழுத்திடும் இடத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுதி முடித்தார். "பழைய பட்டியல்ல என் பேரு இருந்துச்சா, நல்லாப் பாத்தியா?" என்று கேட்டார். இருந்தது. அதற்கு முந்தைய வரியில் தாத்தாவின் பெயரும் இருந்தது.