கரும்புச் சக்கையில் காகிதம்: கையெழுத்து தாங்கும் தாள் வரை

கரும்பு ஜூஸ் கடைச் சக்கையை வேகவைத்து, மிக்சியில் அரைத்து, வலையில் ஊற்றினால் வருவது மடித்தால் நொறுங்கும் அட்டைதான். காரணம் பித், அதாவது தண்டின் நடுவில் இருக்கும் பஞ்சு மாதிரியான பகுதி. சக்கையில் ஏறக்குறைய 30 சதவீதம் அதுதான். நீளமான நார் அதில் இல்லை. தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வலையையும் அடைக்கும். கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள தமிழ்நாடு காகித ஆலையும் பித்தை நீக்கிய பிறகே சக்கையைக் கூழாக்குகிறது.

காய்ந்த சக்கையை 3 செ.மீ. துண்டாக நறுக்கி, கட்டையால் தட்டி, ரவை சல்லடையில் தேய்த்தால் பித் தூளாகக் கொட்டிவிடும். மிஞ்சும் நாரில் 100 கிராமுக்கு 15 கிராம் காஸ்டிக் சோடா, 1.5 லிட்டர் தண்ணீர். எவர்சில்வர் பாத்திரம்தான் சரி. அலுமினியத்தைக் காஸ்டிக் அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். தண்ணீரில் சோடாவைப் போட வேண்டும், சோடாமேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். மிதமான கொதியில் 3 மணி நேரம் போனால் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் கரைந்து தண்ணீர் கறுக்கும். வாஷிங் சோடா காஸ்டிக்கைவிடப் பாதுகாப்பானது, ஆனால் நார் விறைப்பாகவே நிற்கும். விரலில் வழவழப்பு போகும்வரை அலச வேண்டும்.

அடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மிக்சி நாரை வெட்டிக் குட்டையாக்கும். மரக்கட்டையால் ஈர நாரை அடித்தால் மேற்பரப்பு கிழிந்து நுண்ணிழைகள் கிளம்பும். நாரின் மூலப்பொருளான செல்லுலோஸின் சங்கிலி முழுக்க ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள். தண்ணீர் வடிந்து காயும்போது பக்கத்து இழைகள் ஹைட்ரஜன் பிணைப்பால் தாமே ஒட்டிக்கொள்ளும், பசையே வேண்டாம். பதம் பார்க்க, ஒரு சிட்டிகைக் கூழைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்குங்கள். திரி திரியாக உருண்டு நின்றால் இன்னும் அடிக்கணும்.

ஏ5 அளவில் 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) தாளுக்குக் காய்ந்த எடையில் 3.1 கிராம் கூழ். அதைத் தண்ணீரில் கலக்கி வலையில் ஊற்றி, அழுத்திப் பிழிந்து, கண்ணாடிப் பலகையில் ஒட்டிக் காயவைத்தால் சுருளாது. நார் காயும்போது நீளத்தைவிடக் குறுக்கே அதிகம் சுருங்குவதால், சும்மா விட்ட தாள் நெளியும்.

இந்தத் தாளில் பேனா மை பரவும். 100 மி.லி. தண்ணீருக்கு 1 கிராம் மெத்தில் செல்லுலோஸ் (செல்லுலோஸிலிருந்து செய்யும் பசைத் தூள்) கரைத்துப் பூசினால் அடங்கும். அது சூட்டில் கரையாது. தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைச் சூடாக்கித் தூளைத் தூவிக் கலக்கி, மீதியைக் குளிராக ஊற்றினால்தான் கட்டி தட்டாமல் கரையும்.