பழைய விபிஎன் கணக்கை முதலில் மூடுங்கள்

2021 ஏப்ரல் கடைசியில் அமெரிக்காவின் எரிபொருள் குழாய் நிறுவனமான கலோனியல் பைப்லைனின் நெட்வொர்க்குக்குள் ரான்சம்வேர் கும்பல் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பவர்கள்) நுழைந்தது, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு விபிஎன் கணக்கு (வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்குக்குள் வர உதவுவது) வழியாக. அதற்குப் பாஸ்வேர்டு மட்டும் போதுமாக இருந்தது, இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது. 75 பிட்காயின் கொடுத்து வாங்கிய டிகிரிப்டரோ (பூட்டிய ஃபைல்களைத் திறக்கும் மென்பொருள்) மெதுவாக ஓடியது. சொந்த பேக்கப்பைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

புது ஃபயர்வால் வாங்கும் முன் 90 நாளாக லாகின் ஆகாத கணக்குகளை முடக்குங்கள். வேலையை விட்டுப் போனவர் கணக்கை அன்றைக்கே. எஸ்எம்எஸ் ஓடிபி போதாது, போலித் தளம் அதையும் கேட்டு வாங்கி உடனே உள்ளே போட்டுவிடும். ஃபிடோ2 சாவி (லாகினுக்கான சிறு கருவி) தளத்தின் முகவரியையும் பார்ப்பதால் போலித் தளத்தில் வேலை செய்யாது. அட்மின்களுக்காவது ஆளுக்கு இரண்டு கொடுங்கள், ஒன்று தொலைந்தால் மற்றது.

பேக்கப் சர்வரை டொமைனில் (நிறுவனக் கணினிகளையும் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) சேர்க்கவே சேர்க்காதீர்கள். டொமைன் அட்மின் பாஸ்வேர்டு பறிபோனால் முதலில் அழிக்கப்படுவது அதுதான். ஒரு பிரதி நெட்வொர்க்குக்கு வெளியே இருக்கட்டும்; மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு சர்வரை முழுதாக மீட்டு, எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்து வையுங்கள்.