அளவுக்குக் காய்ச்சல்

இந்த வாரம் எங்கள் ஒன்றாம் வகுப்பில் எதையும் அளக்க முடியவில்லை. அளவுக்குக் காய்ச்சல்.

என் மேசையின் நீளம் தெரியும், அகலம் தெரியாது. கரும்பலகை பாதியில் நிற்கிறது. ஜன்னலுக்கும் கதவுக்கும் எது பெரியது என்பதில் இரண்டு கட்சிகள் உருவாகி, இரண்டும் பேச்சுவார்த்தைக்குத் தயாராக இல்லை. "அவ வந்ததும் பாத்துக்கலாம் மிஸ்" என்று எல்லா வழக்கையும் வக்கீல் ஒத்திவைத்துவிட்டான். வக்கீல் என்றால் நிஜ வக்கீல் இல்லை, எதற்கும் வாதாடுவதால் அந்தப் பெயர் பெற்ற என் வகுப்புப் பையன். நிழலுக்கு ஏன் மூக்கு இல்லை என்று காலை வரிசையில் நின்று வாதாடியவன். இப்போது இரண்டு முன்பற்களும் விழுந்து, வாதத்தில் காற்று கலந்து வருகிறது. வேகம் மட்டும் குறையவில்லை.

ஆசிரியர் கையேட்டில் இந்தப் பாடம் நாலே வரி. மாணவர்கள் வகுப்பறையின் நீளத்தைத் தம் காலடியால் அளப்பர். விடைகள் மாறுபடுவதைக் காண்பர். பொது அளவின் தேவையை உணர்வர். பின்னர் அளவுகோல் அறிமுகம். நேரம் 40 நிமிடம். 'உணர்வர்' என்று எழுதிய புண்ணியவான் ஆறு வயதுப் பிள்ளைகள் முப்பது பேரோடு ஒரே அறையில் இருந்ததில்லை என்று எழுதிக் கொடுக்கிறேன். உணர்வது இருக்கட்டும், முதலில் நிற்க வேண்டாமா?

குதிகாலை முன்காலின் நுனியில் ஒட்டி வைத்து நடக்க வேண்டும். சொல்லும்போது சுலபம். பத்துப் பேர் மூன்றாவது அடியிலேயே பக்கத்தில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு சாய்ந்தார்கள். ஒருவன் நடுவில் கிடந்த பைகளைச் சுற்றிக்கொண்டு போனான், அந்தச் சுற்றையும் கணக்கில் சேர்த்தான். எண்ணிக்கை இருபத்தொன்பது வரை ஒழுங்காக வந்து, அடுத்து 'இருபத்திப் பத்து, இருபத்திப் பதினொண்ணு' என்று தனிப்பாதையில் கிளம்பியது. ஒரு குழந்தை நடக்கவே இல்லை. விடை நூறு என்றாள். ஏம்மா என்றால், நூறு அவளுக்குப் பிடிக்குமாம்.

பலகையில் எழுதினேன்: 36, 38, 41, 100. ஒரே துள்ளலாகத் தாவிப் போனவனுடையது 9. என் காலுக்கு 27.

இப்போது கையேட்டுப்படி நான் கேட்க வேண்டிய கேள்வி: "ஏன் எல்லாருக்கும் வேற வேற விடை வருது?"

வக்கீல் எழுந்தான். "எல்லாரும் பொய் சொல்றாங்க மிஸ்."

வேறு காரணம் ஏதாவது?

"ரூம் வளருது மிஸ்" என்றது பின்வரிசை. "மிஸ் நடந்தா பயந்து சின்னதாயிடுது" என்றது நடுவரிசை. அந்த இரண்டாவது விளக்கத்துக்கு நல்ல ஆதரவு இருந்தது. எனக்கும் உள்ளூரப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

கடைசியில் ஒருத்தி தன் காலை என் காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மிஸ் கால் பெருசு, அதான் கொஞ்சமா போதுது" என்றாள். அந்த ஒரு வரிக்காகத்தான் மேசை பெஞ்சையெல்லாம் ஓரம் கட்டி, தலைமையாசிரியை இரண்டு முறை எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட விட்டது. நான் வாயால் சொல்லியிருந்தால் அரை நிமிடம். தலையை ஆட்டிவிட்டு மறந்திருப்பார்கள்.

சரி, பாடம் கரை சேர்ந்தது, அளவுகோலை எடுக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். அதற்குள் பின்னால் தேர்தல் முடிந்துவிட்டது. ஒரே ஆள் காலை எல்லாரும் வைத்துக்கொண்டால் சண்டை வராது என்று அவர்களே தீர்மானித்திருந்தார்கள். என் காலை ஒருவன் முன்மொழிந்தான். நான் லீவு போட்டால் என்ன செய்வது என்ற ஆட்சேபணையில் அது தோற்றது. வென்றவள் ஜன்னலோரத்துப் பெண். பேசவே மாட்டாள், வருகைப் பதிவுக்குக்கூடக் கையை மட்டும் தூக்குவாள். காரணம் வலுவானது. தினமும் தாழ்வாரத்தின் விளிம்புக் கோட்டில் தனியாக நடந்து நடந்து, விழாமல் நடக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். நடக்கச் சொன்னார்கள். 38. திரும்பி வரச் சொன்னார்கள். அப்போதும் 38. வகுப்பே கைதட்டியது. எத்தனை தடவை அளந்தாலும் ஒரே விடை தர வேண்டும் என்ற விதியை யாரும் சொல்லித் தராமலே கண்டுபிடித்தார்கள். அளவுகோல் அலமாரிக்குள்ளேயே இருந்தது.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. பெரியவர்களும் இப்படித்தான் நடந்துகொண்டார்கள். பிரான்சில் வெகுகாலம் 'ராஜாவின் பாதம்' என்றே ஒரு நீள அளவு இருந்தது. புரட்சி வந்ததும், யாருடைய காலும் வேண்டாம், பூமியையே அளந்து அதிலிருந்து ஒரு அளவை எடுப்போம் என்று கிளம்பினார்கள். வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரை உள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர். அதற்காக டெலாம்பர், மெஷெய்ன் என்று இரண்டு வானியலாளர்கள் 1792-ல் புறப்பட்டு, அந்தத் தூரத்தின் ஒரு துண்டை, பிரான்சின் டன்கர்க்கிலிருந்து ஸ்பெயினின் பார்சிலோனா வரை, அளந்து முடிக்க ஆறு வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் போர், கைது, சந்தேகம், எல்லாம். அதிலும் பாவம் மெஷெய்ன், பார்சிலோனாவில் தன் கணக்கு ஒன்றோடொன்று ஒத்துவராததைக் கண்டு, யாரிடமும் சொல்லாமல் சாகும்வரை உள்ளுக்குள்ளேயே புழுங்கினார். அத்தனைக்குப் பிறகும் அவர்கள் கண்ட மீட்டர், நினைத்ததைவிட ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் குறைவு. பக்கத்தில் வக்கீல் இருந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பான்.

பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை. அங்கே தவறாமல் மழலையர் பள்ளியைத் தொடங்கிவைத்த ஃப்ரோபெல் படம் ஒன்று, மாண்டிசோரி படம் ஒன்று. 1907-ல் ரோமில் மாண்டிசோரி அம்மையார் தொடங்கிய 'குழந்தைகள் இல்லம்' என்ற பள்ளியில், பிள்ளைகள் பொருள்களைத் தாங்களாகவே எடுத்து, வேலை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே வைத்தார்களாம். அந்தப் பிள்ளைகளுக்கு என் வணக்கம். என் பிள்ளைகளிடம் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் முதல் பத்து நிமிடம் அது துப்பாக்கி. இணைக்கும் கட்டைகள் துப்பாக்கி, எண்ணும் குச்சிகள் துப்பாக்கி. மணிச்சட்டத்தை என்ன செய்ய முடியும் என்று நினைத்தேன், அது பீரங்கியாம். அதனால் புதுப் பொருள் எதுவானாலும் முதலில் சுட்டு முடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். குண்டு தீர்ந்தபிறகுதான் கணக்கு. இது எந்தக் கையேட்டிலும் இருக்கிறதா தெரியாது, இருக்க வேண்டும்.

அளவானவளுக்கு வருவோம். பேசாத பெண் ஒரே நாளில் அரசாங்கம் ஆகிவிட்டாள். தாழ்வாரத்தை அளக்கக் கூப்பிடுகிறார்கள், தண்ணீர்த் தொட்டியை அளக்கக் கூப்பிடுகிறார்கள், இரண்டாம் வகுப்பிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள். வக்கீல் தன்னைத் தானே அவளுக்கு மேனேஜராக நியமித்துக்கொண்டு, "இடைவேளையில நடக்க மாட்டா, கால் வலிக்கும்" என்று வாசலில் நின்று கூட்டத்தைக் கலைத்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நடையில் மட்டும் ஒரு கெத்து வந்திருந்தது.

அப்புறம்தான் காய்ச்சல். மிச்சத்தை மேலே சொல்லிவிட்டேன்.

நேற்று வந்துவிட்டாள். வந்ததும் உட்காரவில்லை, நேராக என்னிடம் வந்தாள். இந்த வருடம் அவள் தானாக என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இது: "மிஸ், என் கால் வளந்துட்டா ரூம் சின்னதாயிடுமா?"

வீட்டில் படுத்திருந்த நாளெல்லாம் இதையே கேட்டாளாம். புதுச் செருப்பு வேண்டாம், பழசே போதும் என்று அடமாம். அம்மா வாசலில் நின்று, "காய்ச்சல்ல உளர்றான்னு நெனச்சேன் டீச்சர்" என்றார்.

நான் பதில் யோசிப்பதற்குள் வக்கீல் வந்துவிட்டான். "உன் காலை அட்டையில வரைஞ்சு வெட்டிக்கலாம். அது வளராது."

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. 1889-ல் பாரிஸில் நாடுகளெல்லாம் கூடிச் செய்தது இதைத்தானே. பிளாட்டினமும் இரிடியமும் கலந்து கம்பிகள் வார்த்து, ஒன்றை மூலமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை நாடுகளுக்குக் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தார்கள். இங்கேயும் அட்டையில் அவள் பாதத்தை வரைந்தோம். நகல் எல்லாருக்கும் வேண்டும் என்றார்கள். ஆளுக்கொரு கத்தரிக்கோல் கொடுத்தேன். கோட்டுக்கு வெளியே வெட்டுகிறவர்கள், உள்ளே வெட்டுகிறவர்கள், கோட்டையே கண்டுகொள்ளாதவர்கள் என்று மனிதகுலம் மூன்று வகை. விளைவாக, ஒரே பாதத்துக்குப் பிறந்த அட்டைகளில் சில யானைக்குப் பிறந்தவை. ஒருவனுடையதில் கட்டைவிரலே இல்லை. மூலத்தின் மேல் வைத்துப் பார்த்து, ஒத்துவராததைத் தள்ளி, ஒத்துவந்தவற்றைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். தரையெல்லாம் துண்டு அட்டை. கூட்டியது யார் என்று கேட்காதீர்கள். ரோமில் யாராவது கூட்டியிருப்பார்கள்.

தள்ளுபடியான ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஜன்னலுக்குத் திரை தைக்க வேண்டும் என்று என் கணவர் வாங்கி வைத்த லேசர் அளவைக் கருவி அலமாரியில் இருக்கிறது. அதன் பேட்டரி தீர்ந்துவிட்டது. மாமியார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு?" என்று தன் கையாலேயே சாண் போட்டு ஜன்னலை அளந்து முடித்தார். எண்சாண் உடம்பு என்பது அவரவர் சாணுக்குத்தான் என்றும், வேண்டுமானால் என் மகனைப் படுக்கவைத்து அவன் சாணாலேயே அளந்து காட்டுவதாகவும் சொன்னார். படுக்கவைத்தார். கிட்டத்தட்ட எட்டுதான் வந்தது. 'கிட்டத்தட்ட' என்ற சொல்லை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்று ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். நேற்று வந்திருக்கக் கூடாதா, நாளை வந்திருக்கக் கூடாதா? இல்லை, சுவர் முழுக்க அட்டைப் பாதங்கள் தொங்கும் இன்றைக்குத்தான் வந்தார். குழந்தை நாற்காலியில் முழங்கால் தாடைக்கு வர உட்கார்ந்து, "அளவுகோல் இல்லையா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதை உயர்த்திப் பிடித்து, "குழந்தைகளே, இதுதான் சரியான அளவு" என்றார்.

"இது யாரோட பாதம் சார்?" வேறு யார்.

"யாரோடதும் இல்லை."

"அப்ப எப்படி சார் நம்புறது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். இப்போது மீட்டர் என்பது ஒளி வெற்றிடத்தில் ஒரு வினாடியில் 29,97,92,458-ல் ஒரு பங்கு நேரத்தில் போகும் தூரம், 1983-ல் அப்படித்தான் முடிவு செய்தார்கள் என்று எனக்கும் சொல்லத் தெரியும். சொன்னால் அடுத்த கேள்வி ஒளிக்குப் பாதம் இருக்கிறதா என்பதாக இருக்கும்.

அதற்குள் அவரைச் சுவரோரம் நிற்கவைத்துவிட்டார்கள். ஷூவைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் அது கள்ளாட்டம். கழற்றினார். சாக்ஸில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை, வேலையில் அவ்வளவு மும்முரம். ஒன்பது பாதமும் கொஞ்சமும் வந்தது.

"பத்துன்னு எழுதிக்கோங்களேன்" என்றார் அதிகாரி, சிரித்துக்கொண்டே.

"எழுத முடியாது சார்" என்றான் வக்கீல், சிரிக்காமல்.

மனிதர் நல்லவர்தான். ஷூவை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார். 'தரப்படுத்தப்பட்ட அளவுகோல் பயன்படுத்தப்பட்டதா?' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை வாயில் வைத்து யோசித்தார். ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். பிள்ளைகளே பாடுபட்டு ஒரு தர அளவை உண்டாக்கினார்கள் என்று எழுத அதில் இடமில்லை. 'இல்லை'யில் டிக் போட்டார். விளக்கம் கேட்டு ஒரு தாள் வரும். வரட்டும், எழுதிக் கொடுப்போம். எழுதிக் கொடுப்பதற்குத்தானே டீச்சர் ஆனோம், சொல்லிக் கொடுப்பதெல்லாம் இடையில் கிடைக்கிற ஓய்வு நேரத்தில்தானே.

அவர் போனபின்பும் வகுப்பு அடங்கவில்லை. ஒன்பது பாதமும் கொஞ்சமும் என்றால், அந்தக் கொஞ்சம் எவ்வளவு? அரை என்றான் ஒருவன். அரைக்கு மேலே என்றாள் இன்னொருத்தி. 'ஒன்பதும் நிறையக் கொஞ்சமும்' என்று பலகையில் எழுதலாமா என்று விவாதம் போய்க்கொண்டிருந்தபோது, ஜன்னலோரத்திலிருந்து கை உயர்ந்தது. வருகைப் பதிவு நேரம் இல்லை, ஆனாலும் உயர்ந்தது.

"மிச்சத்தை என் கட்டைவிரலால அளக்கலாம் மிஸ்."

வகுப்பு ஒரு கணம் யோசித்தது. வக்கீல் முதலில் விழித்துக்கொண்டான்.

"அப்ப கட்டைவிரலுக்கும் அட்டை வெட்டணும்!"

முப்பது பேரும் கத்தரிக்கோல் பெட்டியை நோக்கி ஓடினார்கள். அதைப் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியையிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நாளை அவர் லீவு.