கம்பம்மெட்டைத் தாண்டாத லைசென்ஸ்

தேனி கலெக்டர் ஆபீஸில் துப்பாக்கி லைசென்ஸை வாங்கிய அன்று பெயர், போட்டோ, அப்பா பெயர், கதவு எண் எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். செல்லுபடியாகும் பரப்பு என்று ஒரு வரி இருக்கும். அதை மட்டும் படிக்கவில்லை. அதில் தமிழ்நாடு என்று போட்டிருந்தது. எனக்கு வீடு கம்பத்தில், ஏலக்காய்த் தோட்டம் கம்பம்மெட்டு என்ற எல்லை மலைப்பாதையைத் தாண்டி, கேரளத்தில் வண்டன்மேட்டுப் பக்கம். நான் துப்பாக்கி கேட்டதே மெட்டு ஏறிய பிறகு வரும் பாதைக்காகத்தான். அந்த ஒரு வரியைத் திருத்தப் பத்து மாதம் ஆனது.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை தெரியும். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட வருஷத்திலிருந்து எங்கள் பக்கம் பச்சைக்காய்த் திருட்டு ஓயவில்லை. அது பொருள் நஷ்டம், தாங்கிக்கொண்டோம். ஒரு சனிக்கிழமை கூலிப் பணத்தோடு நானும் டிரைவரும் போன ஜீப்பை இரண்டு பேர் பைக்கைக் குறுக்கே போட்டு மறித்தார்கள். ஒருவன் கையில் வாக்கத்தி. பின்னாலேயே வேலையாட்கள் வண்டி வந்ததால் ஓடிவிட்டார்கள். அன்று மாலையே கேரளத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கினேன். அப்பா போனபிறகு தோட்டத்தை நான்தான் பார்க்கிறேன். போகாமல் இருக்க வழியில்லை.

முதலில் பயிற்சி. 2016 ஆயுத விதிகளின்படி எஸ்-1 என்ற பயிற்சிச் சான்றிதழ் விண்ணப்பத்தோடு வேண்டும். மதுரையில் ஒரு ரைபிள் கிளப்பில் சேர்ந்தேன். கற்றுக்கொடுத்தவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் ஒரு பிஸ்டலை மேஜைமேல் வைத்து, "காலி பண்ணுங்க தாயி" என்றார். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றிக் கீழே வைத்தேன். "காலியா?" என்றார். காலி என்றேன். "ஸ்லைடை இழுங்க" என்றார். மேலே நகரும் அந்தப் பாகத்தை இழுத்ததும் உள்ளேயிருந்து ஒரு தோட்டா துள்ளி மேஜையில் விழுந்தது. அது டம்மித் தோட்டாதான். ஆனாலும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

பிஸ்டலில் மேகசினை எடுத்தாலும் சேம்பரில், அதாவது குழலின் பின்பக்க அறையில், ஒன்று தங்கியிருக்கலாம். வரிசையும் முக்கியம். முதலில் மேகசின், பிறகு ஸ்லைடு. ஸ்லைடை முதலில் இழுத்தால் கிடந்த தோட்டா வெளியே வரும், மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிக்கொள்ளும். கடைசியில் கண்ணால் பார்ப்பதோடு விடாமல் சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்க்கச் சொன்னார். வீட்டில் கரண்ட் இல்லாத நேரத்திலும் அந்த விரல் பொய் சொல்லாது என்றார்.

அதன்பிறகு நான்கு வகுப்புகளுக்குத் தோட்டாவே இல்லை, விதிகள் மட்டும்தான். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே நினை. சுடக்கூடாத எதன் பக்கமும் குழல் திரும்பக் கூடாது. குறி வைத்து முடிவெடுக்கும் வரை விரல் டிரிகருக்கு வெளியே. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். பேசிக்கொண்டே திரும்பும்போது என் குழலும் கூடவே திரும்பிவிடும். ஒவ்வொரு முறையும் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துவார்.

தோட்டா போட்ட பிறகு வேறு பிரச்சினை. எல்லாக் குண்டும் அட்டையின் இடது கீழ் மூலையில் போய் விழுந்தன. நான் டிரிகரை அழுத்தாமல் சுண்டுவதுதான் காரணம் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ரிவால்வரில் எனக்குத் தெரியாமல் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே இரண்டு டம்மி போட்டுக் கொடுத்தார். டம்மி வந்த முறை வெடிக்கவில்லை, ஆனால் குழல் மட்டும் சட்டென்று கீழே குனிந்தது. என் கண்ணாலேயே பார்த்தேன். சத்தத்துக்கு முன்பே உடம்பு பயந்துகொள்கிறது. இது சரியாவதற்கு ஆறு வாரம் பிடித்தது. இன்னொன்று, நான் வலது கைக்காரி, ஆனால் குறி பார்க்கும்போது எனக்கு இடது கண்தான் முந்துகிறது. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, தூரத்துப் பொருளைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு கண்ணாக மூடினால் தெரிந்துவிடும். துப்பாக்கி வாங்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

சுட்டும் வெடிக்காவிட்டால் உடனே திறந்து பார்க்கக் கூடாது. குழலை குறிப்பலகைப் பக்கமே வைத்து முப்பது விநாடி பொறுக்க வேண்டும், தாமதமாக வெடிப்பதும் உண்டு. சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக இருந்தால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம்.

எதை வாங்குவது என்பதில் எனக்கு முதலில் பிஸ்டல் ஆசை. 9 மி.மீ. தோட்டா போடும் பிஸ்டல் நமக்குக் கிடையாது, அது தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண ஆட்களுக்குப் பெரும்பாலும் பாயிண்ட் 32 அங்குலத் தோட்டா ரகம்தான். அதிலேயே பிஸ்டலுக்கு ஒரு தோட்டா, ரிவால்வருக்கு வேறு தோட்டா, ஒன்றுக்கு ஒன்று ஆகாது. கடையில் பெண்களுக்கு ஏற்றது என்று நிர்பீக்கை எடுத்து நீட்டினார்கள். கான்பூரில் 2014இல் வந்த ரிவால்வர், அரைக் கிலோதான், கைப்பைக்குள் அடங்கும். கையில் வைத்தால் பொம்மை மாதிரி சுகமாக இருந்தது. சுபேதாரிடம் கேட்டபோது, "லேசா இருக்கிறது தூக்கத்தான் சுகம், சுடும்போது அதுதான் அதிகமா துள்ளும்" என்றார். அதே கான்பூரின் கொஞ்சம் கனமான பழைய மாடலை எடுத்தேன். தாழ்ப்பாளை அழுத்தினால் குழல் முன்பக்கம் மடங்கி, ஆறு அறையும் ஒரே பார்வையில் தெரிகிறது. காலியா இல்லையா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை, எனக்கு அது போதும். டிரிகர் மட்டும் கனம். சுத்தியலைப் பின்னால் இழுக்காமல் சுட்டால் முழு விரலும் வலித்தது. டம்மி போட்டு தினமும் பழகிச் சரிசெய்தேன். ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் சூடான புகை பீறிடும், இடது கை விரல் அங்கே போகவே கூடாது.

இனி காகிதம். 2023 தொடக்கத்தில் விண்ணப்பித்தேன். மருத்துவச் சான்று, பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி, இரும்புப் பெட்டியின் போட்டோ எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன. சிக்கல் மலையாளத்தில் இருந்த இரண்டு காகிதங்களில் வந்தது. தோட்டத்தின் நிலவரி கட்டிய ரசீதும், காவல் நிலையப் புகார் ரசீதும். எழுத்தர் புரட்டிப் பார்த்து, "இது என்ன மொழின்னே தெரியலையேம்மா, தமிழ்ல கொண்டாங்க" என்று திருப்பிக் கொடுத்தார். மொழிபெயர்த்துக் கொண்டுபோனால் நோட்டரி கையெழுத்து இல்லை என்றார். நோட்டரி வாங்கிப் போனால், மூலத்தின் நகலிலும் அதே நோட்டரி முத்திரை வேண்டும் என்றார். கம்பத்துக்கும் தேனிக்கும் போக வர எண்பது கிலோமீட்டர், மூன்று தடவை. முதல் நாளே மூன்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் நிலம் இருப்பவர்கள் கேட்காமலே எல்லாவற்றையும் மொழிபெயர்த்து, நோட்டரி வாங்கி, இரண்டு செட் எடுத்துக்கொண்டு போங்கள்.

போலீஸ் விசாரணை, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் அறிக்கைகள் எல்லாம் அதன் போக்கில் நடந்தன. 2024 ஜனவரியில் லைசென்ஸ் வந்தது. பிப்ரவரியில் ரிவால்வர் வாங்கி, லைசென்ஸில் பதிவு செய்து, முதல் வேலையாக மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். சுபேதார் துப்பாக்கியைத் தொடவில்லை. லைசென்ஸை வாங்கி நின்றபடியே படித்தார். "தோட்டம் எங்க தாயி?" என்றார். சொன்னேன். அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார். "இதோட மெட்டு ஏறினீங்கன்னா நீங்கதான் குற்றவாளி."

விண்ணப்பத்தில் எந்தப் பரப்புக்கு வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கிறது. பிரவுசிங் சென்டர் தம்பி, முகவரி தமிழ்நாடு என்பதால் தமிழ்நாடு என்றே நிரப்பியிருக்கிறார். நான் பிரிண்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். காரணம் எழுதும் இடத்தில் கேரளப் பாதை, கேரளப் புகார் என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். அத்தனை மேஜை தாண்டியும் ஒருவர்கூட இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அது எனக்கு இன்றும் வலிக்கிறது. சுபேதார் கேட்காமல் இருந்திருந்தால் அடுத்த சனிக்கிழமையே சோதனைச் சாவடியில் நின்றிருப்பேன்.

பரப்பைக் கேரளாவுக்கும் நீட்டிக்க மனு கொடுத்த கையோடு, மார்ச் 16இல் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. தேர்தல் முடியும் வரை ரிவால்வரைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைக்கும்போது வரிசை எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் எழுதிய ரசீதைக் கட்டாயம் வாங்குங்கள். என்னிடம் முதலில் வெறும் கையெழுத்துச் சீட்டு நீட்டினார்கள், நான் நகரவில்லை, அரைமணி நேரத்தில் சரியான ரசீது வந்தது. ஜூனில் திரும்பி வாங்கியபோது குழலுக்குள் லேசாகத் துரு. எண்ணெய் போட்டுத்தான் கொடுத்திருந்தேன்.

மனு அதன்பிறகும் கிடந்தது. அந்தப் பத்து மாதமும் கூலிப் பணத்தைத் துப்பாக்கி இல்லாமல்தான் கொண்டுபோனேன், வேலையாட்கள் ஜீப்போடு சேர்ந்தே. கூடவே பாதிப் பேருக்குக் கூலியை வங்கிக் கணக்குக்கு மாற்றினேன். அது முன்பே செய்திருக்க வேண்டியது.

டிசம்பரில் கேரளாவும் சேர்த்துக் கையெழுத்தாகி வந்தது. இந்த முறை அங்கேயே நின்று, எல்லா வரியையும் வாய்விட்டுப் படித்தேன். அடுத்த சனிக்கிழமை கம்பம்மெட்டில் நானாகவே இறங்கி லைசென்ஸைக் காட்டினேன். காவலர் பக்கத்தைப் புரட்டி, "கேரளம் உண்டோ?" என்று கேட்டார். அந்த வரியைக் காட்டி, "உண்டு" என்றேன்.