காலரா மருத்துவரும் 640 ஏக்கரும்

ஏற்காட்டு எஸ்டேட்டுகளின் பழைய வரலாற்றைத் தேடிப் படிக்கப் போய், அதே காலத்து அமெரிக்க நிலச் சட்டங்களுக்குள் நுழைந்தபோதுதான் லூயிஸ் லின் என்ற மருத்துவரை அறிந்துகொண்டேன். 1796-இல் கென்டக்கியில் பிறந்த அவர், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தாயின் முந்தைய கணவருக்குப் பிறந்த அண்ணன் ஹென்றி டாட்ஜின் ஆதரவில் வளர்ந்தார்; பிறகு மிசௌரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், பிரெஞ்சுக் குடிகள் நிறைந்த செயின்ட் ஜெனிவீவ் என்னும் சிற்றூரில் மருத்துவத் தொழில் தொடங்கினார்.

1833-இல் அங்கே காலரா பரவியது. நம் பக்கத்துப் பெரியவர்கள் வாந்திபேதி என்று பெயர் சொல்லவே அஞ்சிய அந்த நோய், உடலின் நீரையெல்லாம் வற்றச் செய்து, சில மணி நேரத்திலேயே கண்களைக் குழிவிழச் செய்துவிடும். அது தண்ணீர் வழியே பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ நிறுவியது 1854-இல்தான்; அதுவரை மருத்துவர்கள் பெரும்பாலும் பாதரச உப்பான கலோமலைக் கொடுப்பதும் இரத்தத்தை வெளியேற்றுவதுமாக இருந்தார்கள். நீர் வற்றிய உடலில் இவை என்ன செய்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் நோயாளியை விட்டு ஓடாத மருத்துவரை ஊர் மறக்கவில்லை. அதே ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் மிசௌரியின் உறுப்பினராக இருந்த அலெக்சாண்டர் பக்னர் காலராவால் இறக்க, காலியான அந்த இடத்துக்கு லின் நியமிக்கப்பட்டார்.

பத்தாண்டுகள் செனட்டில் இருந்தவரின் மனம் முழுவதும் பசிபிக் கரையோரத்து ஓரிகன் பகுதியில்தான். அங்கே குடியேறும் ஒவ்வொரு வெள்ளை ஆணுக்கும் 640 ஏக்கர், அதாவது ஒரு சதுர மைல், வழங்க வேண்டும் என்ற அவருடைய மசோதா, 1843 பிப்ரவரியில் 24-க்கு 22 என்ற கணக்கில் செனட்டில் தேறியது, கீழவையில் தேறவில்லை. அந்நிலத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த பூர்வகுடிகளிடம் அதற்குமுன் உடன்படிக்கை ஏதும் செய்துகொள்ளப்படவில்லை. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியை அறிமுகப்படுத்தியபோது, அங்கே ஏற்கெனவே மலையாளிப் பழங்குடியினர் வாழ்ந்துகொண்டிருந்ததை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. உயிரைக் காக்க உழைத்தவரின் கணக்கில் அந்த மக்கள் இடம்பெறாததை அவருடைய காலத்தின் மேல் மட்டும் பழியாகப் போட்டுவிட என்னால் முடியவில்லை.

சட்டத்துக்குக் காத்திராமல் அந்தக் கோடையிலேயே ஏறத்தாழ ஆயிரம் பேர் மாட்டுவண்டிகளில் ஓரிகனுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். அக்டோபரில் லின் இறந்தார். 1850-இல் வந்த நிலக்கொடைச் சட்டம், அவ்வாண்டுக்குள் குடியேறிய தம்பதியருக்கு 640 ஏக்கர் கொடுத்தது. அதில் பாதி மனைவியின் பெயரிலேயே எழுதப்பட்டது.