சவத்தத் தூரப் போடுல!

விண்வெளிச் சண்டை என்றதும் குண்டு, புகை, காது கிழியும் சத்தம் என்று எதிர்பார்த்து வந்தால் ஸ்டார் ரெல்ம்ஸ் என்ற சீட்டாட்டத்தில் அதெல்லாம் கிடையாது. கப்பல்கள் அத்தனையும் சீட்டில்தான். கையில் ஐந்து சீட்டு, நடுவில் விலைக்கு ஐந்து சீட்டு, எதிரே ஒரு பகையாளி. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் ஆட்டம் சூடு பிடித்தால் சோறு தண்ணி மறந்துபோகும்.

2014இல் வந்த விளையாட்டு. டார்வின் காஸில், ராப் டொகர்ட்டி என்று இரண்டு பேர் உருவாக்கியது. இருவரும் மேஜிக் த கேதரிங் என்ற இன்னொரு சீட்டாட்டத்தின் போட்டிகளில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். தொடக்கத்தில் ஆளுக்குப் பத்துச் சீட்டு தருவார்கள்: எட்டு ஸ்கவுட், இரண்டு வைப்பர். ஸ்கவுட் வந்தால் ஒரு காசு, வைப்பர் வந்தால் ஒரு அடி. எதிராளிக்கோ 50 புள்ளி. ஒவ்வொரு அடியாக அடித்து விடிந்தாப்லதான். அதனால் காசைச் சேர்த்து நடுவில் இருக்கிற பெரிய கப்பல்களை வாங்கி நம் கட்டில் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் ஒரு இக்கு இருக்கிறது. அந்தப் பழைய பத்தும் கட்டை விட்டுப் போகாது. அடித்து முடிக்க வேண்டிய நேரம் பார்த்து ஐந்தும் ஸ்கவுட்டாக வந்து பல்லை இளிக்கும். இதற்கு மருந்து மெஷின் கல்ட் என்ற சிவப்புக் கூட்டம். அதில் மிசைல் பாட் என்று ஒரு கப்பல். விலை இரண்டே காசு. இரண்டு அடியும் கொடுக்கும், கையில் இருப்பதிலோ கழித்துப் போட்டதிலோ ஒரு சீட்டை ஆட்டத்தை விட்டே ஒழித்துக்கட்டவும் விடும். கட்டு மெலிய மெலிய நல்ல கப்பல்கள் அடிக்கடி கைக்கு வரும்.

படித்தால் புரிகிறது. செய்யத்தான் எனக்கு மனசு வராது. காசு தருகிற சீட்டை எப்படித் தூக்கி எறிவது? ரத்தத்திலேயே இல்லை.

எங்கள் வீடு திருநெல்வேலி சிந்துபூந்துறையில், ஆற்றுக்குப் பக்கம். 2023 டிசம்பரில் தாமிரபரணி தெருவுக்குள் வந்தபோது அக்கம்பக்கத்தில் எல்லாரும் அரிசி, அடுப்பு, சர்டிபிகேட் என்று மாடிக்கு ஏற்றினார்கள். அப்பா முதலில் ஏற்றியது ஒரு தகரப் பெட்டி. உள்ளே கட்டுக் கட்டாகக் கரண்ட் பில் ரசீது, துணி போன குடைக்கம்பி, டிவி செத்த பிறகும் உயிரோடிருக்கும் ஸ்டெபிலைசர். 1992 வெள்ளத்திலும் தப்பித்த பெட்டி என்று பெருமை வேறு. "என்னைக்காவது ஆகும்லா" என்பார்.

கம்ப்யூட்டர் இருப்பது பட்டாசலில், அப்பாவின் ஈசிசேருக்கு முன்னால். ஸ்டார் ரெல்ம்ஸைக் கம்ப்யூட்டரில் ஆடுவதுதான் எனக்கு வசதி. சீட்டில் எழுதியிருப்பது கண்ணுக்குத் தெரியும். போனில் எல்லாம் பொடிப்பொடியாகக் கிடக்கும். ஒன்றைத் தொடப்போய் இன்னொன்றில் விரல் படும். ஆனால் ஒரே கணக்கில் இரண்டிலும் ஆடலாம். வீட்டில் பாதியில் விட்ட ஆட்டத்தை ஜங்ஷன் பஸ்ஸில் தொடரலாம். எதிராளியும் அவனுக்குத் தோதான நேரத்தில் ஆடிக்கொள்ளலாம்.

அப்பா ஓய்வு பெற்ற கண்டக்டர். டெப்போவில் ரம்மி ஆடிப் பழகிய கை. பேப்பர் படிக்கிற பாவனையில் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

"காசுக்கால ஆடுத?"

"இல்லப்பா."

"பொறவு என்னத்துக்கு?"

கொஞ்ச நாளில் பேப்பர் மடிக்கு இறங்கியது. அப்புறம் யோசனை சொல்ல ஆரம்பித்தார். ஒருநாள் நான் ஸ்கவுட்டை வைத்துக்கொண்டு முழித்தபோது பின்னாலிருந்து ஒரு அதட்டல்: "இன்னுமா அத வச்சிருக்க? சவத்தத் தூரப் போடுல!"

திரும்பிப் பார்த்தேன். சேருக்கு அடியில்தான் அந்த ஸ்டெபிலைசர் இருந்தது. நான் பார்த்ததை அவர் கண்டுகொள்ளவில்லை.

இந்த நேரத்தில்தான் சித்தி மகள் கல்யாணம் வந்தது. பெங்களூரில் இருந்து அத்தை மகனும் வந்திருந்தான். அவனும் நானும் ஒரு ஆட்டத்தைத் தொடங்கி வைத்திருந்தோம். அவன் நீலக் கப்பலாக வாங்கிப் புள்ளியை ஏற்றி 38இல் நின்றான். நான் 11. என் முறையோடு ஆட்டம் நின்றது. அப்பா முட்டுவலி என்று மறுவீட்டு விருந்துக்கு வரவில்லை.

மறுவீடு என்றால் எங்கள் பக்கம் சொதிதான். தேங்காய்ப்பாலில் கொதித்த சொதியைச் சோற்றில் குழி பறிக்காமல் ஊற்றினால் இலை தாண்டி மடிக்கு வரும். நான் வலது கையால் அணை கட்டி, இடது கையால் இலை நுனியைத் தூக்கிப் பிடித்து, இஞ்சித் துவையலுக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்ப் பந்தியில் இருந்த மச்சான் ஒரு கையில் போனோடு என்னை முறைத்தான்.

"ஏல, சாப்பிட்டுக்கிட்டே எப்படில ஆடுத?"

"யாரு?"

"நீதான். 38 இப்ப 27. நான் ஆடி முடிச்சதும் அடுத்தாப்ல அடிக்க."

என் போன் சட்டைப்பையில். அந்த மண்டபத்தில் என் சிம்முக்கு ஒரு கோடுகூட நிற்கவில்லை. மச்சான் போனைப் பார்த்தான், என் இரண்டு கையையும் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"மக்கா, ரெண்டு ஸ்கவுட்டத் தூரப் போட்டாச்சு. இது நீ இல்ல. ஒன் அக்கவுண்ட எவனோ ஹேக் பண்ணிட்டான்."

இதை அவன் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். பக்கத்து இலை மாமாவுக்கு 'அக்கவுண்ட்' மட்டும் தெளிவாக விழுந்துவிட்டது. "பேங்க்லயா? உடனே 1930க்கு அடி!" சைபர் குற்றத்துக்கான எண் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். விளக்கம் சொல்லலாம் என்றால் என் வாய் நிறையச் சோறு. செய்தி இலை இலையாகக் கிளம்பியது. அடுத்த வரிசைக்கு அப்பளம் போவதற்குள் பத்தாயிரம் போயிருந்தது. பாயசம் வந்தபோது ஐம்பதாயிரம். கை கழுவுகிற இடத்தில் ஒரு பெரியம்மா என் தோளைத் தடவி, "லட்ச ரூவாயாமே, ஒடம்பப் பாத்துக்கோ மக்கா" என்றார்கள்.

மச்சான் போனிலிருந்து வீட்டுக்கு அடித்தேன். அம்மா எடுத்தாள். "ஒங்கப்பாவா? கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து யாரையோ வஞ்சிக்கிட்டு இருக்காரு."

காலையில் நான் ஆட்டத்தை மூடாமல் வந்திருக்கிறேன். போன் அப்பா கைக்கு மாறியது. "யார்ல எதிர்ல இருக்கவன்? நீலமா வாங்கிக் குமிக்கான். ரெண்டு ஆட்டையில முடிச்சிருதேன், வை."

சொன்னபடி முடித்தார். அதுவரை நான் அந்த நிலையில் இருந்து ஜெயித்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் ஊருக்குள் போன லட்ச ரூபாயை யார் திருப்பி எடுப்பது? அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போன் மேல் போன். அப்பாவோ அடுத்த ஆட்டத்தில் இருந்தார். கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டே மாமாவுக்குப் பதில் சொன்னார்: "போச்சா? ஒண்ணும் போகல. நானாத்தான் தூரப் போட்டேன். அத வச்சுக்கிட்டு என்ன செய்ய, பாரமா கெடக்கும்." எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, பக்கத்தில் வேறு பெரியவர்கள் யாராவது இருந்தால் போனைக் கொடுக்கச் சொன்னாராம்.

மறுநாள் காலையில் அத்தை ஒரு அல்வாப் பொட்டலத்தோடு துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். நடையில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சி, "அண்ணாச்சி, இப்படி ஆயிப்போச்சே" என்று ஆரம்பித்தார்கள்.

அப்பா திரும்பவில்லை. மவுசைப் பிடித்த கையும் அசையவில்லை.

"இரு தாயி. ஒன் மவன முடிச்சிட்டு வாரேன்."