பயேயா: ஐந்தாவது ஞாயிறில் வந்த காந்தல்

ஸ்பெயினில் உள்ள வலென்சியாவுக்குக் குடிவந்து ஏழு மாதம் ஆகிறது. இங்கே ஞாயிறு மதியம் என்றால் பயேயாதான், கறியும் காயும் போட்டு அகலச் சட்டியில் செய்யும் சோறு. அதைக் கடையில் சாப்பிட்டு எனக்கு அலுக்கவில்லை, ஆனால் கையால் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தீராத ஆசை. ஐந்து ஞாயிறாகச் செய்து பார்க்கிறேன்.

பயேயா என்பது முதலில் சட்டியின் பெயர். அப்புறம்தான் சோற்றுக்கும் அதே பெயர் வந்தது. நான் வாங்கியது 40 செ.மீ. அகலமுள்ள இரும்புச் சட்டி, 400 கிராம் அரிசிக்குச் சரியாக இருக்கும். நம் தோசைக்கல்லைப் போல இதையும் பழக்க வேண்டும். முதல் வாரம் ஈரத்தோடு வைத்துவிட்டேன், காலையில் பார்த்தால் துரு. இப்போது கழுவியதும் துடைத்து, எண்ணெய் தடவித்தான் எடுத்து வைக்கிறேன்.

முதல் இரண்டு தடவையும் பழக்கதோஷம். வெங்காயம் வதக்கினேன், அரிசியைக் களைந்தேன், அடிப்பிடிக்குமே என்று கிளறிக்கொண்டே இருந்தேன். குழைந்து பொங்கல் பதத்துக்கு வந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “ருசியா இருக்கு தம்பி, ஆனா இது அரோஸ் கொன் கோசாஸ்” என்றார். ‘சாமான் போட்ட சோறு’ என்று அர்த்தம். பயேயா என்ற பெயருக்குத் தகுதியில்லாததை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லச் செய்தேன்.

வலென்சிய முறையில் மீன், இறால் கிடையாது. கோழி, முயல், பட்டையான பச்சை பீன்ஸ், கரோஃபோ என்ற பெரிய வெள்ளைப் பயறு. அந்தக் கரோஃபோவைப் பார்த்ததும் மனசு குளிர்ந்தது. நம் ஊர் டபுள் பீன்ஸின் இனம்தான் அது! ஆலிவ் எண்ணெயில் உப்புப் போட்டுக் கறியை நன்றாகச் சிவக்க வறுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் மொத்தமும் சப்பென்று போகும், ஏனென்றால் சாறு தனியாகக் காய்ச்சுவதில்லை, இந்தச் சட்டியிலேயேதான் இறங்குகிறது. காய்களை வதக்கி, துருவிய தக்காளியைச் சுருள வதக்கி, ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள் (காரமில்லாதது) போட்டு, கருகுவதற்குள் தண்ணீர் ஊற்றினேன். அரை மணி நேரம் கொதித்தது. குங்குமப்பூ, உப்பு. சாறு கொஞ்சம் கரிக்க வேண்டும், அரிசி அதை இழுத்துக்கொள்ளும்.

தண்ணீருக்கு அளவு, சட்டியின் கைப்பிடி ஆணிகள். கொதித்து முடிந்ததும் சாறு எங்கே நிற்கிறது என்று அந்த ஆணிகளை வைத்துப் பார்க்கிறார் பாட்டி. எனக்கு இன்னும் அந்தக் கண் வரவில்லை.

அரிசி விஷயத்தில் பாட்டி பிடிவாதம். பொம்பா அரிசி சீக்கிரம் குழையாது, கை பழகாதவர்களுக்கு நல்லது. செனியா சாற்றை நன்றாக உறிஞ்சும், ஆனால் ஒரு நிமிடம் தவறினாலும் குழைந்துவிடும். அதனால் எனக்கு பொம்பாதான். ஊருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றியுள்ள வயல்களில் விளைவது. அரிசியைக் களையாமல் தூவி, ஒரே ஒரு தடவை பரப்பிவிட்டேன்.

“இனி கரண்டியைக் கீழே வை.”

அதுதான் கஷ்டம். முதல் பத்து நிமிடம் பெரிய தீ, அப்புறம் எட்டு நிமிடம் சின்னத் தீ, மேலே ஒரு கொத்து ரோஸ்மேரி. தொடவே கூடாது. மூன்றாவது வாரம் நடுவில் கருகி ஓரம் வேகவில்லை, அடுப்பு சாய்ந்திருந்தது. நாலாவது வாரம் எல்லாம் சரியாக வந்தும் அடி வெளுத்திருந்தது.

இந்த வாரம், தண்ணீர் வற்றியதும் தீயைக் கூட்டிவிட்டுக் காதைக் கொடுத்தேன். களக் களக்கென்ற கொதி அடங்கி, மெல்லச் சடசடவென்று பொரியும் சத்தம். ஒரு நிமிடம்தான். சுட்ட வாசனை எழும்பியதும் அணைத்துவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்துக் கரண்டியின் நுனியால் சுரண்டினால், தேன் நிறத்தில் மொறுமொறுவென்று ஒட்டியிருந்தது சொகராத்! நம் காந்தல் சோறேதான். சின்ன வயதில் பானை அடியில் சுரண்டித் தின்றதற்கு இங்கே தனி மரியாதை.

தட்டு கிடையாது. சட்டியைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து, மரக் கரண்டியால் அவரவர் முக்கோணத்தை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சாப்பிட்டோம். 2021-இல் வலென்சிய அரசு பயேயாவைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தபோது, இந்தக் கூடி உண்ணும் பழக்கத்தையும் சேர்த்தே போற்றியது. பாட்டி என் பக்கத்துக் காந்தலிலும் கொஞ்சம் சுரண்டி எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு கேஸ் வேண்டாம், ஆரஞ்சு மர விறகில் செய்யலாம் என்கிறார்.